கங்காணி வேலை

பிள்ளைகளை அடிக்கிற வாத்தியார்களைக் கண்டித்து நான் மேடையில் பேசியிருக்கிறேன். துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். அதே காலத்தில் எங்கள் இரவுப் பள்ளியில் ஒரு மரஸ்கேலைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டும் இருந்தேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நம் தோழர்கள் பலர் சேரிகளில் மாலை வகுப்பும் இரவுப் பள்ளியும் நடத்துகிறார்கள். ஒருத்தர் பாடம் எடுப்பது, இன்னொருத்தர் 'பசங்களப் பாத்துக்க' கூட நிற்பது என்று ஏற்பாடு செய்கிறார்கள். அப்படிக் கூட நின்றவள் நான். அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் காலனி மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. தாம்பரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் நிலையமும், 1937இல் பட்டணத்திலிருந்து இங்கே இடம் மாறி வந்த கிறித்துவக் கல்லூரியும், 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியமும் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு இவையெல்லாம் வேலைக்குப் போன இடங்கள். அப்பா ரயில்வேயில் கேங்மேன். அம்மா சானடோரியத்தில் ஆயா. இப்போதைய தலைமுறைக்கு மெப்ஸ் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை, சேலையூர்ப் பக்கம் அடுக்குமாடிகளில் வீட்டு வேலை, பெயின்டிங், சென்ட்ரிங். 2015 டிசம்பர் மழையில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினபோது காலனிக்குள் இடுப்பளவு தண்ணி. பிள்ளைகளின் புத்தகம், நோட்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஊறிப்போச்சு. நிவாரணத்தில் வந்த நோட்டுகளைப் பங்கு போடுவதற்காக அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். 2016 பொங்கல் கழித்து அதுவே இரவுப் பள்ளியானது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை 34 பிள்ளைகள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணி.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். தமிழும் சமூக அறிவியலும் நானே எடுப்பேன். கணக்குக்குப் பாலிடெக்னிக் படித்த தம்பி ஒருத்தன் வருவான். இங்கிலீஷ்தான் இடித்தது. எங்கள் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் கம்பெனி ஒப்பந்தமும் கோர்ட்டு நோட்டீசும் அந்த மொழியில்தான் வந்து சேர்கின்றன. "ரெண்டு வார்த்த இங்கிலீசு பேசிட்டா எவனும் நம்மள வாடா போடான்ன மாட்டான்" என்று அப்பா சொல்வார். எனக்கே அது ஓட்டை. படிக்கத் தெரியும், பேச வாய் வராது.

2018 ஜூலையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலமாக ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயசு 23. பட்டப்படிப்பு முடித்த கையோடு ஆறு மாசம் வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டவள். வாரத்தில் நாலு நாள் எங்களுக்கு. அழைத்து வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாடம் அவங்க எடுப்பாங்க. நீங்க கூட நின்னு பசங்களக் கன்ட்ரோல்ல வச்சுக்குங்க, அது போதும்." அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே படவில்லை. பாஷை தெரிந்தவள் பாஷையைச் சொல்லித்தரட்டும், பசங்களைத் தெரிந்தவள் பசங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு அவள் 'மிஸ்'. நான் எப்போதும்போல 'அக்கா'.

இந்த ஏற்பாடு தாம்பரத்தில் புதுசாக முளைத்ததில்லை. ஜப்பான் அரசு 1987லிருந்தும், தென் கொரியா 1995லிருந்தும், ஹாங்காங் 1998லிருந்தும் இங்கிலீஷ் பேசுகிறவர்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தங்கள் பள்ளிகளில் நிறுத்துகின்றன. பக்கத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருத்தர் இருப்பார். அவளுடைய தோழி ஒருத்தி கொரியாவுக்கு அப்படிப் போனவள். உள்ளூர் டீச்சர் வகுப்பில் இருக்கிற நாளில் குண்டூசி விழுந்தால் கேட்குமாம், அவர் வராத நாளில் சந்தைக்கடையாம். சிரித்துக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். நானும் சிரித்தேன். எங்கள் வகுப்பிலும் அதேதான் நடக்கப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

முதல் மூணு வாரம் நல்லாத்தான் போனது. நான் பின்சுவரோரம் நிற்பேன். சத்தம் வந்தால் ஸ்கேலால் சுவரில் ரெண்டு தட்டு. அடங்கிவிடும். அடங்காதவனுக்கு முதுகில் ஒண்ணு. வகுப்பில் சலசலப்பு வரும்போதெல்லாம் அவள் கண் என் பக்கம் திரும்பும். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்னொரு வேலையும் செய்தேன். அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் முன்னாலேயே அதைத் தமிழில் சொல்லிவிடுவேன். எனக்கு இங்கிலீஷ் புரிகிறது என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் கொஞ்சம் உண்டு. விளைவு என்ன ஆனதென்றால், அவள் பேசும்போது பிள்ளைகள் கவனிப்பதை விட்டுவிட்டார்கள். எப்படியும் அக்கா தமிழில் சொல்லப்போகுது, எதுக்குக் காதைத் தீட்டணும்? அவள் பேசுகிற நேரமெல்லாம் அவர்களுக்குக் காலி நேரம். கிள்ளுவது, பேனா பிடுங்குவது, பட்டப்பேர் சொல்வது எல்லாம் அப்போதுதான். நான் வாயைத் திறந்தால் அமைதி. 'பாத்தியா, எனக்குத்தான் அடங்குதுங்க' என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. சத்தத்துக்கு இடம் போட்டுக் கொடுத்ததே நான்தான் என்று அப்போது விளங்கவில்லை.

அந்த வருஷம் மார்ச் 20ஆம் தேதி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்குகிற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் கொடுத்திருந்தது. ஏப்ரல் 2 பந்தில் வடக்கே நம் ஜனங்கள் பலர் செத்தார்கள். நாடாளுமன்றம் ஆகஸ்டில் திருத்தம் கொண்டுவரும்வரை ஊர் ஊராக ஆர்ப்பாட்டம்தான். ஜூலைக் கடைசியில் ஒரு நாள் வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம். மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் போய் இறங்கி, தொண்டை கட்டுகிற அளவுக்குக் கோஷம் போட்டுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பினேன். மன்றத்து வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம். சார்ட்டு கிழிந்து கிடந்தது. ரெண்டு பசங்க சண்டை போட்டு ஒருத்தனுக்கு உதடு கிழிந்திருந்தது. நாலு பேர் ஜன்னல் ஏறிக் குதித்துப் போய்விட்டார்கள். அவள் சாக்பீசை உடைத்து உடைத்துக் கத்தியிருக்கிறாள். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வந்தேன். யார் யார் என்று கேட்டு, ஏழு பேரை வரிசையாக நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி அடித்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கையை இழுத்துக்கொண்டான். அவனுக்கு முதுகில் விழுந்தது. எத்தனை என்று எண்ணவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காப்பாத்து என்று வானத்தைப் பார்த்து உயர்த்திய அதே கை அது.

எங்கள் காலனியில் சிலோன் தாத்தா என்று ஒருத்தர் இருந்தார். இப்போது இல்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்களே, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று, அந்தக் கணக்கில் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தர். மன்றத்துத் திண்ணைதான் அவருக்கு வீடு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் வெளியே வந்ததும் சொன்னார்: "நல்லாத்தான் கங்காணி வேல பாக்குற பாப்பா."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா தாத்தா சொல்ற?" என்றேன். அவர் ஒண்ணும் கோபமாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் தொரை யாரையும் அடிக்க மாட்டானாம். குதிரைமேல் வந்து பார்த்துவிட்டுப் போவானாம். சில நாள் சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய்கூடக் கொடுப்பானாம். விடிகாலை பெரட்டுக் களத்தில் நம்மையெல்லாம் வரிசையில் நிறுத்துவதும், வராதவனை லயத்துக்குள் புகுந்து இழுத்து வருவதும் கங்காணி. வேலைக்கு வந்து நிற்கிற தலைக்கு இத்தனை என்று அவனுக்குக் காசு. "அடிச்சவனும் நம்மூரு, அடி வாங்குனவனும் நம்மூரு. தொர நல்லவன்னுதான் எங்கப்பன் சாவுற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தான்."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது. அஞ்சாம் வகுப்பில் எங்கள் சார் காலனிப் பிள்ளைகளைக் கையால் தொட்டு அடிக்கமாட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காதைத் திருகுவது, தலையில் குட்டுவது. எங்களுக்கு நீட்டுப் பிரம்பு. அடியிலும் தீட்டுப் பார்த்த மனுசன். அவர் வெளியே போனால் கிளாஸ் லீடர் போர்டில் பேர் எழுதுவான். பேசினால் பேர், மறுபடி பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி. அந்த அஞ்சு வருஷத்தில் லீடராகக் காலனிப் பிள்ளை ஒண்ணுகூட ஆனதில்லை. போர்டில் எங்கள் பேர் இல்லாத நாளும் இல்லை. வாயே திறக்காத நாளில்கூட என் பேருக்குப் பக்கத்தில் மூணு பெருக்கல் இருந்திருக்கிறது. ஒழுங்கு என்கிற வார்த்தையை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். பத்தொன்பது வருஷம் கழித்து என் சொந்தக் காலனியில், என் சொந்த மன்றத்தில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே நின்று அதையே திருப்பிச் செய்திருக்கிறேன். சாத்தாராவில் சாக்குத் துணிமேல் தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அவர்.

அடி வாங்கிய பையன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மெப்ஸில் ராத்திரி ஷிப்டு முடித்துவந்து சோறு வடித்துக்கொண்டிருந்தார். "நீ அடிச்சா தப்பே இல்ல. கண்ண மட்டும் உட்டுட்டுத் தோல உரிச்சிடு. படிச்சா போதும்" என்றார். காலங்காலமாக நம் அம்மாமார் வாத்தியார்களிடம் எழுதிக் கொடுத்துவிட்ட பத்திரம் அது. பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னான்: "ஸ்கூல்லயும் அடிக்கிறாங்க. இங்கயும் நீ அடிக்கிற. அப்ப இத்த இன்னாத்துக்குக்கா நம்ம ஸ்கூலுன்ற?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. மன்னிச்சுக்கடா என்று சொல்லலாம். பெரியவர்கள் சின்னப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. கடைசியில் "சாரிடா" என்றேன். இங்கிலீஷில் என்றதால் வெளியே வந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை "சாரி மிஸ், சாரிக்கா" என்று சொல்கிற பிள்ளைகள். அவர்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தான்.

அவளோடும் சண்டை வந்தது. இனிமேல் அடித்தால் வகுப்புக்கு வரமாட்டேன் என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் ஓட்டை இங்கிலீஷில் கொட்டினேன். உனக்கு நல்ல பேரு, எனக்குக் கெட்ட பேரு. நீ பாட்டுப் பாடி விளையாடிவிட்டு ஆறு மாசத்தில் பிளேன் ஏறிவிடுவாய், நான் இங்கேயே கிடக்கணும். நீ அன்பாக இருக்க முடிகிறதென்றால், பின்னால் நான் ஸ்கேலோடு நிற்பதால்தான். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "சத்தம் வந்தபோதெல்லாம் நான் உங்களைப் பார்த்தேன். பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பார்த்தேன்." அதைச் சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அன்றையிலிருந்துதான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்புக்கு ஆசிரியர்கள் ஆனோம்.

வகுப்புக்கு அரை மணி முன்னால் வந்து டீ குடித்துக்கொண்டே திட்டம் போட ஆரம்பித்தோம். அப்படி ஒரு நாள் அவள் கேட்டாள், எங்கள் ஊர்ப் பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பேர், ஏன் தெரியுமா என்று. கதை இதுதான். ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரி அந்த ஊர்க்காரர். 1789இல் எழும்பூரில் பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியை ஏற்று நடத்தினார். இங்கே நம் ஆட்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் எட்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ஒரு பிள்ளையைக் கொண்டு பல பிள்ளைகளுக்குப் பாடம் என்கிற அந்த 'மதராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் 1833இல் எழுந்ததுதான் அந்தப் பள்ளிக்கூடம்.

எனக்கு ஆச்சரியம். எங்கள் சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப் போயிருக்கிறான்! திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவனும் அவன், வாத்தியார் இல்லாதபோது அதட்டி உருட்டுகிறவனும் அவன். சொல்லித்தருகிற கையும் பிரம்பு பிடிக்கிற கையும் ஒன்றாகவே இருந்தன. நான் அவளுக்கு மீதிக் கதையைச் சொன்னேன். அந்தத் திண்ணைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற இடமில்லை. மிஷன்காரர்கள் அங்கங்கே நடத்தினார்கள். அடையாறு பக்கம் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கியது 1894இல். பெல் எழும்பூருக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு தாமதமாகக் கிடைத்த பள்ளிக்கூடத்துக்குள்ளும் பிரம்பு நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் செய்தது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. முதலில் நான் பின்சுவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். கையில் நாலு கோடு போட்ட நோட்டு. அவள் சொல்வதை நானும் எழுதினேன், நானும் எழுந்து நின்று படித்தேன். 'வெட்னஸ்டே' என்று நான் எழுத்து எழுத்தாகப் படித்ததும் அவள் திருத்தினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "அக்காவுக்கே தெர்ல!" வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் கடைசி வரிசைப் பிள்ளைகள் முதல் தடவையாக வாய் திறந்து படித்தார்கள். அக்காவே தப்பாச் சொல்லலாம் என்றால் நாமும் சொல்லலாம்.

அடுத்து, மொழிபெயர்ப்பை நிறுத்தினேன். அவள் சைகை காட்டுவாள், படம் போடுவாள், நடித்துக் காட்டுவாள். மூணு தடவை சொல்லியும் யாருக்குமே பிடிபடவில்லை என்றால்தான் நான் ஒரே ஒரு வார்த்தை தமிழில் சொல்வேன். பிள்ளைகள் அவள் வாயையே பார்க்கத் தொடங்கினார்கள். பார்க்காவிட்டால் ஆட்டம் புரியாதே. பாதிச் சத்தம் அதிலேயே குறைந்துபோனது.

மூணாவது, சத்தம் வந்தால் அவள் என்னைப் பார்க்கக் கூடாது. அவளே சமாளிக்க வேண்டும். பிள்ளைகளிடமே தமிழ் கற்றுக்கொண்டாள். "ஒக்காரு", "அவன் பேசி முடிக்கட்டும்", "எனக்குத் தொண்ட வலிக்குது". இந்தக் கடைசி வாக்கியத்துக்கு நல்ல பலன் இருந்தது. அதேபோல் ஒருத்தி மாட்டேன் என்று சொன்னதற்கு இன்னொருத்தி சரி என்று சொல்லக் கூடாது. தண்ணி குடிக்கப் போகணும் என்று என்னிடம் கேட்டு, நான் இரு என்றால் உடனே அவளிடம் போய் "மிஸ், வாட்டர்" என்று கேட்பார்கள். அந்தச் சந்தில்தான் பாதி வகுப்பு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

விதிகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். சார்ட்டில் நாலு விதி. முதல் விதி: யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, அக்காவும்தான். ரெண்டாவது: பட்டப்பேர் கூடாது. இதை இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினோம். ஸ்கேலை யார் எடுத்துப்போனார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். ஸ்கேல் போனதும் பெரிய பசங்களின் ராஜ்யம் வந்தது. அவர்கள் கத்தலில் பொம்பளைப் பிள்ளைகளின் குரல் அமுங்கிப்போனது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து நேராகச் சொன்னாள்: "நீ அடிக்கும்போதே தேவலக்கா. அப்பவாச்சும் அவனுங்க சும்மா இருந்தானுங்க." செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பயத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சமத்துவம் தானாக வந்து உட்காராது. எடுத்த இடத்தில் அடுத்த பலசாலி உட்காருவான். நாங்கள் டஸ்டரை வைத்து ஒரு முறை கண்டுபிடித்தோம். டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஒரு பையன் கைக்குப் போனால் அடுத்து ஒரு பெண் கைக்குத்தான் போக வேண்டும். மாசக்கணக்கில் ஆனது. நவம்பரில் ஒரு நாள் அவளே பொறுமை இழந்து அதே டஸ்டரைச் சுவரில் எறிந்தாள். அவளும் சாரி சொல்ல வேண்டியிருந்தது.

பாடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் 'யூ' என்று ஒரே வார்த்தை. மிஸ்ஸுக்கும் யூ, அக்காவுக்கும் யூ, பிள்ளைக்கும் யூ. எங்கள் தாத்தாமார் நரைத்த தலையோடு சின்னப் பசங்களிடம் 'வாடா' கேட்டவர்கள். எங்கள் பிள்ளைகள் என்னை நேராகப் பார்த்து "வொய் ஆர் யூ லேட்?" என்று கேட்டபோது, கேட்ட அவர்களுக்கே முதலில் கூச்சமாக இருந்தது. இங்கிலீஷில் மேல் கீழ் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரன் பண்ணாத மேல் கீழா? ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு உதவியது. நான் தாமதமாக வந்த நாளில் காரணம் சொல்ல வேண்டியவளானேன்.

டிசம்பரில் அவள் போய்விட்டாள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளியை மூடினோம். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு தெருவுக்குத் தெரு மாலை வகுப்பு நடத்தியபோது எங்கள் காலனியிலும் சில பெண்கள் போனார்கள். அவர்களில் சிலர் கையில் குச்சியைப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல என்ன யோக்கியதை எனக்கு? பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

இன்றைக்கு எந்த ஆசிரியர் கூட்டத்துக்குப் போனாலும் கேட்கிற பேச்சு, பிரம்பைப் பிடுங்கியதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போச்சு என்பது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. அதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளையைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அது பிரம்பு இல்லாததால் நடந்ததா, சாதி இருந்ததால் நடந்ததா? அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் பேச்செல்லாம் பள்ளிக்குள் இருக்கும் சாதியைப் பற்றித்தான். ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எடுத்துப் படிக்கட்டும்.

தோழர்களே, உங்கள் மாலை வகுப்பில் இரண்டு பேர் நிற்கிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் கேட்டுப்பாருங்கள். பாடம் யார் கையில், அடி யார் கையில்? வெளியிலிருந்து வருகிற படித்தவர், வெள்ளைக்காரர், கல்லூரி மாணவர் எல்லோரும் பாடத்தை எடுத்துக்கொண்டு, சேரியிலேயே இருக்கிற ஆளிடம் அடியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்களா? நாமும் அதைக் கௌரவமாக நினைத்து வாங்கிக்கொள்கிறோமா?

அடி வாங்கிய பையன் பத்தாவது முடித்து ஐடிஐ போனான். இப்போது ஏசி மெக்கானிக். இங்கிலீஷ் பேச அவனுக்கு இன்னும் வராது. என்னைப் பார்த்தால் நின்று பேசுவான். அந்த அடியைப் பற்றி இரண்டு பேரும் பேசினதில்லை.

'நீ அடிக்கும்போதே தேவல' என்று சொன்ன பெண் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மறுபடி தொடங்கிய இரவுப் பள்ளியில் இங்கிலீஷ் இப்போது அவள்தான் எடுக்கிறாள். நான் இன்னும் தரையில்தான், நோட்டோடு. போன வாரம் மழை. கூரைச் சத்தத்தில் பிள்ளைகள் குதியாட்டம் போட்டார்கள். அவள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், அடங்கவில்லை. அவள் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் பார்க்காத மாதிரி நோட்டில் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் சத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் டஸ்டரைக் கையில் எடுத்தாள்.